புராஸ்டேட் சுரப்பி வீக்கம்: ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் – ஓர் ஒப்பீடு

வயது 50-ஐக் கடந்த ஆண்கள் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பருமனடைகிறது. இது புற்றுநோய் அன்று. சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்துள்ள இச்சுரப்பி பெரிதாகும்போது குழாய் நெருக்கப்படுகிறது. சிறுநீர் வரத் தாமதமாதல், மெலிந்த ஓட்டம், முழுமையாகக் கழியாத உணர்வு, இரவில் பலமுறை எழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

மருந்து செயல்படும் விதம்

ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் புராஸ்டேட் சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலும் உள்ள தசைகளைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பயன் தெரியும். இவை சுரப்பியின் அளவைக் குறைப்பதில்லை. அளவைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை வேறு வகை மருந்துகள். அவற்றின் பயன் தெரியச் சுமார் 6 மாதங்கள் ஆகலாம்.

எந்த மருந்து யாருக்கு?

அறிகுறிகளைத் தணிப்பதில் இம்மருந்துகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. பக்க விளைவுகளிலேயே வேறுபாடு உள்ளது. எனவே உங்கள் உடல்நிலையைப் பொறுத்தே மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

• டாம்சுலோசின்: வழக்கமான அளவு நாளொன்றுக்கு 0.4 மி.கி. நாள்தோறும் ஒரே வேளை உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்தைக் குறைவாகவே பாதிக்கும். சிலருக்கு விந்து வெளியேறுதல் குறையும்.
• சிலோடோசின்: வழக்கமான அளவு 8 மி.கி.; உணவுடன் உட்கொள்ள வேண்டும். விந்து வெளியேறாமை இதில் மிகுதி. இது உடலுக்குத் தீங்கன்று. எனினும் குழந்தைப்பேறு விரும்புவோர் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கு அளவு குறைக்கப்படும். கடும் பாதிப்பு இருப்பின் தரப்படுவதில்லை.
• அல்ஃபுசோசின்: 10 மி.கி.; உணவுக்குப் பின் மெல்லாமல் விழுங்க வேண்டும். விந்து தொடர்பான பாதிப்பு குறைவு. கல்லீரல் நோயோ சிலவகை இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளோருக்கு ஏற்றதன்று.
• டெராசோசின், டாக்சாசோசின்: இரத்த அழுத்தத்தையும் குறைப்பவை. எனவே 1 மி.கி. அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படும். சில நாட்கள் விடுபட்டால் பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

தலைச்சுற்றலும் விழுதலும்

எழுந்தவுடன் இரத்த அழுத்தம் குறைந்து தலைச்சுற்றல் வரலாம். முதல் சில நாட்களிலும், அளவை உயர்த்தும்போதும், வெயில் காலத்தில் உடலில் நீர்ச்சத்து குறையும்போதும் இது மிகும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது, படுக்கையில் சற்று நேரம் அமர்ந்திருந்து பின்னர் எழுங்கள். வீட்டிலுள்ளோர் கழிவறை செல்லும் வழியில் விளக்கு எரியுமாறு பார்த்துக்கொள்வது நன்று.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன்

இம்மருந்துகள், குறிப்பாக டாம்சுலோசின், அறுவைச் சிகிச்சையின்போது கண்ணின் கருவிழித் திரையைத் தளரச் செய்து சிக்கலை உண்டாக்கலாம். முன்பு உட்கொண்டு நிறுத்தியிருந்தாலும் இது நேரலாம். கண் மருத்துவர் முன்கூட்டியே அறிந்தால் அதற்கேற்ற முன்னேற்பாடு செய்வார். கண் சிகிச்சை முகாம் வழியாகச் செல்வோரும் மருந்துச் சீட்டை அவசியம் காட்ட வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

இரத்த அழுத்த மருந்துகள், சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மருந்துகள், சில பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் ஆகியவற்றை உட்கொள்வோர் அதனைத் தெரிவிக்க வேண்டும். சளிக்காக மருந்துக் கடையில் நேரடியாக வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீர் அடைப்பை மிகுவிக்கும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்க

சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு உப்பி வலித்தாலோ, சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சலுடன் நடுக்கம் ஏற்பட்டாலோ, மயங்கி விழுந்தாலோ தாமதிக்காதீர்கள். புதுச்சேரி நகரில் உள்ளோர் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையையோ கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையையோ அணுகலாம். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள்.

இத்தகவல்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாகா.