குளிசைக்கு அடங்காத பிரஷரும் பழைய செல் காயமும்

தம்பலகாமத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று வகைக் குளிசை தவறாமல் போட்டும் பிரஷர் 180/110. "யோசினைதான் மகன் காரணம்" என்றார். 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவரது இடது விலாவில் செல் துண்டு பட்டது. அதை அவர் எந்த வைத்தியரிடமும் சொன்னதில்லை.

உயர் குருதி அமுக்கம் உள்ள பெரும்பாலானோருக்குத் தனிக் காரணம் ஒன்றைக் காட்ட முடியாது. சிலருக்கு மட்டும் காரணம் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் இருக்கும். நாடி ஒடுங்கி இரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதனால் இரத்தக் குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடலில் தேங்கும், அமுக்கம் ஏறும். 1934இல் ஹரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரக நாடியை இறுக்கி இதைக் காட்டினார். 1939இல் இர்வின் பேஜ் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளால் சுற்றியபோதும் அமுக்கம் ஏறியது. காயப்பட்ட சிறுநீரகத்தைச் சுற்றி உறைந்த இரத்தமோ தழும்போ அழுத்தினாலும் இதுவே நடக்கும். வருடங்கள் கழிந்த பின்னும் தெரியவரலாம்.

காயமில்லாதவர்களிலும் நாடி ஒடுங்கலாம். வயதானவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவுள்ளவர்களில் பெரும்பாலும் கொழுப்புப் படிவே காரணம். இளம் பெண்களில் நாடிச் சுவரின் நோயோ அழற்சியோ இருக்கலாம்.

இவை இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள்:

- 30 வயதுக்கு முன், அல்லது 55க்குப் பின் புதிதாக வந்த கடும் பிரஷர்
- சிறுநீர் போக்கும் குளிசை உட்பட மூன்று மருந்துக்கும் அடங்காமை
- எனலாபிரில், லொசார்ட்டன் போன்றவை தொடங்கியபின் கிரியாட்டினின் 30 வீதத்துக்கு மேல் கூடுதல்
- ஒரு சிறுநீரகம் மற்றதைவிட 1.5 செ.மீ.க்கு மேல் சிறிதாயிருத்தல்
- திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் (உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்)

டொப்ளர் ஸ்கான், சீ.ரீ. அஞ்சியோகிராம் மூலம் நாடியைப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. என்றால், உடலில் செல் துண்டு இருப்பதை முதலே சொல்லுங்கள். காந்தம் அதை அசைக்கக்கூடும்.

கண்டுபிடித்தால் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. கொழுப்பால் ஒடுங்கிய 947 பேரில் நடந்து 2014இல் வெளியான கோரல் ஆய்வில், மருந்தோடு ஸ்டென்ட் வைத்ததால் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. பெண்களில் வரும் நாடிச் சுவர் நோய்க்கோ பலூன் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. எதுவானாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சின்னம்மாவின் கொப்பியின் முதல் பக்கத்தில் "2006, இடது விலா, செல் காயம்" என்று எழிதிக் கொடுத்தேன். அடுத்த கிளினிக்கில் அதை வாசித்த வைத்தியர் சிறுநீரக ஸ்கானுக்கு எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டுக் கொப்பியிலும் அந்த ஒரு வரியை எழுதிவையுங்கள்.