வடிவமைப்பாளர் என்று யாரைச் சொல்வது? மாத்தளையில் உடையும் மணமும்

ஆடை வடிவமைப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கையொப்பமுள்ள ஒரு கலைஞரிடமிருந்தே தொடங்குகின்றன. மாத்தளை மாவட்டத்துக்கும் அப்படியொரு பெயர் உண்டு: ஈனா டி சில்வா (1922–2015). 1960களில் கொழும்பில் பத்திக்கை இலங்கையின் நவீனக் கலையாக வளர்த்தவர் அவர். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை விடுதியின் உட்கூரையை அலங்கரித்த அவரது பத்திக் பெரிதும் பேசப்பட்டது. 1980களில் பரம்பரை ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, ஊர்ப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் தையல் பூவேலையும் நடத்தினார். அந்தச் சாதனை பெரிது. ஆனால் அதே மாவட்டத்தின் தோட்டங்களில், லயக் காம்பிராக்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களும் உடையையும் மணத்தையும் கொண்டு தம் துயரத்தைக் கையாளும் முறையொன்றை உருவாக்கினார்கள். அதுவும் வடிவமைப்பே என்பது என் வாதம்.

அந்த முறையின் வேர் வடபாதையில் இருக்கிறது. 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டு வழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் காய்ச்சலிலும் வழியெங்கும் பலர் மாண்டார்கள். பிழைத்து வந்தவர்கள் முதலில் வணங்கிய தெய்வம் அம்மை நோய்க்குரிய மாரி என்பதில் வியப்பில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத்தில் மஞ்சளும் வேப்பிலையும் சாம்பிராணியும் கலந்தெழும் மணத்தை நான் வெறும் சடங்கு மணமாகக் கருதவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் நோயாளியின் பாய்க்கருகில் இருந்தவை. அவற்றையே பூவோடும் புகையோடும் சேர்த்துத் திருவிழாவின் மணமாக்கியபோது, ஒரு சமூகம் தன் அச்சத்துக்கு வேறொரு பொருள் கொடுத்தது.

உடையிலும் இதே இயக்கம் தெரிகிறது. கோப்பிக் காலத்தில் தொழிலாளருக்குத் தோட்டம் கொடுத்த கறுப்புக் கம்பளியின் விலை அவர்கள் பெயரிலேயே கடனாக ஏறியது. மழையில் கொங்காணியாகவும் இரவில் போர்வையாகவும் இருந்த அதே துணி கடன் சீட்டாகவும் இருந்தது. பின்னர் தேயிலைக் காலத்தில், ஈரச் செடி உடம்பில் உரசாதபடி இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையை அறுக்காதபடி துணியை நான்காக மடித்து வைத்தார்கள். எத்தனை மடிப்பு, முடிச்சு எந்தப் பக்கம் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். திருவிழா நாளில் அதே உடம்பு நேர்த்திக்கடனுக்கு மஞ்சள் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வீதியில் இறங்குகிறது. வேலை உடையைத் தோட்டம் தீர்மானித்தது. திருவிழா உடையை அவளே தீர்மானித்தாள்.

தேவைக்கும் மரபுக்கும் உட்பட்டதை வடிவமைப்பு என்று சொல்லலாமா என்ற மறுப்பு எழும். வணிக நறுமணக் கலையும் கையில் கிடைக்கும் மூலப்பொருளுக்கு உட்பட்டதுதான். மாத்தளையில் விளையும் கராம்பையே பார்க்கலாம். மொட்டு விரியுமுன் கொத்தோடு பறித்து, காம்பை நீக்கி, பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். இளஞ்சிவப்பு மொட்டு சில நாட்களில் கருஞ்செம்மையாகிறது. பறித்தவரின் விரலிலிருந்து மணம் எளிதில் போவதில்லை. அதன் எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். மேலைநாட்டு வாசனைத் திரவியங்களில் கார்னேஷன் பூவின் சாயலை எழுப்ப இச்சேர்மமே நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. அச்சாயலுக்குப் புகழ்பெற்ற 'லேர் டு தாம்' என்ற திரவியத்தைப் பாரிஸின் நினா ரிச்சி நிறுவனம் 1948இல் வெளியிட்டது. போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் நிம்மதியை அதில் உணர்ந்தார்கள்; அதை உருவாக்கிய பிரான்சிஸ் ஃபாப்ரோனின் பெயர் வரலாற்றில் நின்றது. அதே 1948இல் இலங்கையின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மாத்தளைக் கராம்புக்கும் அந்தக் குப்பிக்கும் நேரடித் தொடர்பு இருந்ததென்று நான் சொல்லவில்லை. உணர்ச்சியை மணமாக்கியவரில் ஒருவரைக் கலைஞரென்றும், மற்றவரைத் தொழிலாளர் என்று மட்டும் எழுதிவைத்த கண்ணோட்டத்தையே கேள்விக்குள்ளாக்குகிறேன்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எரிக்கப்பட்டது, தேர்களும் தப்பவில்லை. அந்நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்தார்கள், தாலியை மறைத்தார்கள், பூவைத் தவிர்த்தார்கள். தோற்றமே சாட்சியாக நின்று உயிரை வாங்கக்கூடும் என்ற நிலையில், எதைக் கழற்றினால் தப்பலாம் என்று கண்ணாடி முன் கணக்கிட்டவளும் தன் தோற்றத்தை வடிவமைத்தவளே. உடையை அடையாளத்தின் வெளிப்பாடு என்று பொதுவாகச் சொல்லிவிடும்போது இந்த மறைப்பு நம் ஆய்விலிருந்து நழுவிவிடுகிறது. ஆகவேதான், கோயில் மீண்டெழுந்து 108 அடி இராசகோபுரமும் பஞ்சரத பவனியுமாக நிற்கும் இக்காலத்தில், அந்த வீதியில் வைக்கும் ஒரு பொட்டை வெறும் வழக்கமென்று என்னால் எழுத முடியவில்லை.

கம்பளை அருகே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கம்பளியையும் கூடையையும் அத்தகைய இடங்களில் பாதுகாக்கலாம். மணத்தை அப்படிச் சேமிக்க வழியில்லை. எந்த நோய்க்கு எதை அரைத்தார்கள், எந்த நாளில் எந்தப் பூவை விலக்கினார்கள், 1983க்குப் பின் எப்போது மறுபடி பூ வைத்தார்கள் என்ற விவரங்கள் மூத்த பெண்களின் நினைவில்தான் இருக்கின்றன. மாத்தளையின் வடிவமைப்பு வரலாற்றை எழுத முனைபவர் அலுவிகாரைப் பட்டறைக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு ரத்தோட்டை, எல்கடுவ லயங்களுக்கும் சென்று, அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும்.