பழைய அம்பாசடரில் பெட்ரோல் வழிக் கோளாறுகள்

கார்புரேட்டர் பொருத்திய பழைய அம்பாசடரில் பெட்ரோல் எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்பதே சோதனை. இன்ஜின் ஆறியபின், காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் புட்டிக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். பீச்சினால் கோளாறு கார்புரேட்டரில்: ஊசி வால்வு ஒட்டியிருக்கும், அல்லது ஜெட்டில் தூசி. பீச்சாவிட்டால் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். டேங்கின் துரு ஃபில்டரை அடைப்பதும் சகஜம். டேங்க் மூடியைத் திறந்ததும் வண்டி சரியாக ஓடினால், குற்றவாளி மூடியின் காற்றுத்துளை. பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வண்டி வெயிலில் நின்றுபோய், ஆறியதும் தானே கிளம்பினால் அது பெரும்பாலும் வேப்பர் லாக்: சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் இழுக்காது. பம்பின் மேல் ஈரத்துணி போடுவது ஓட்டுநர்களின் பழைய வைத்தியம், அது பலிக்கும்.