நாயின் பெயர் கோவிவன்

செங்கம் வட்டாரத்தில் ஒரு தினசரிக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பகுதிநேர நிருபராக இருந்தேன். என் கையால் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ‘அக்கம்பக்கத்தினர் மடக்கிப் பிடித்துப் போலீசாரிடம் ஒப்படைத்தனர்.’

வெட்ட வந்தவனின் பெயர், அப்பா பெயர், வயது, பட்டப்பெயர் எல்லாம் ஸ்டேஷன் ரைட்டரிடம் தயாராக இருக்கும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம். குறுக்கே விழுந்து தடுத்தவனைத் தேடித்தான் போக வேண்டும். மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் செய்திக் கவரைப் போட்டாக வேண்டிய நிருபர் எங்கே தேடுவது? அதனால் அவன் ‘அக்கம்பக்கத்தினர்’ ஆகிவிடுவான்.

ஒருமுறை தேடிப் போனேன். 1994. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அரிவாளோடு ஒருவன் இன்னொருவனைத் துரத்தி வர, இவர் டயர் லீவரோடு குறுக்கே நின்றிருக்கிறார். வெட்டு இவர் இடது கையில் இறங்கியது. துரத்தப்பட்டவன் பிழைத்தான். பதினான்கு வரி எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தது ஆறு வரி. அரிவாள்காரனின் பட்டப்பெயர் தலைப்பிலேயே இருந்தது. இன்ஸ்பெக்டர் பெயர் இருந்தது. பஞ்சர் கடைக்காரர் ‘அங்கிருந்த பொதுமக்கள்’ ஆகியிருந்தார்.

நான் சாமி கும்பிட்டு வளர்ந்த ஊரில் இப்படி நடந்ததுதான் எனக்கு உறுத்தல். எங்கள் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லில் பாதி, நடுகல். ஒரு கையில் வில், மறு கையில் வாள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்பு. தலைக்கு மேல் வட்டெழுத்து. ஊருக்கு அது மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிற சாமி, அவ்வளவுதான். 1972-இல் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு நூலே போட்டது. இரா. நாகசாமி பதிப்பித்தது. ஒரு தமிழாசிரியர் அதை எனக்குக் கொடுத்தபோது, நாங்கள் கும்பிட்டது யார் யாரை என்று முதல்முறையாகத் தெரிந்தது.

அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. பொற்றொக்கையார் என்ற தலைவரிடம் இளமகனாக, சேவகனாக, இருந்த கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கதை. கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். நாய்க்குத் தனியாக எழுத்து: அதன் பெயர் கோவிவன், இரண்டு திருடரைக் கடித்துக் காத்து நின்றது. அந்த இரண்டு திருடரின் பெயர் கல்லில் இல்லை. கல்லில் எழுத்து வெட்டியவனுக்கு அதைத் தேடிப் போகத் தோன்றவில்லை. எங்கள் செய்தி முறைக்கு நேர் தலைகீழ்!

பழைய காலத்தையே உச்சந்தலையில் வைத்துக் கொண்டாடவும் நான் வரவில்லை. எடுத்தனூர்க் கல்லிலும் அரசன் பெயர்தான் முதலில், பிறகு தலைவன், அப்புறம்தான் செத்தவன். ‘இன்ஸ்பெக்டர் தலைமையில்’ என்று நாங்கள் ஆரம்பிக்கிற மாதிரியேதான். தவிர, தொறு மீட்டுப் பட்டவனுக்குக் கல் நட்டதுபோலவே, தொறு கவரப் போய்ப் பட்டவனுக்கும் நட்டார்கள். மந்தைக்குத்தான் அன்று தொறு என்று பெயர். கவர்கிற வெட்சிக்கும் கல், மீட்கிற கரந்தைக்கும் கல். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல் இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு மூத்தது. கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாடுகளைக் கவர்வது. அந்தவன் கவரப் போனவனா, தடுக்கப் போனவனா? கல்லில் அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

ஆனால் யாரோ ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படி சொல்கிறது தொல்காப்பியம். நடுவில் நீராட்டல் வேறு. செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட கல்வெட்டுகளும் உண்டு. ஒரு மாட்டுச் சண்டைக்கு இவ்வளவு.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கத்தில் ஒரு முதிய தம்பதி, முகமூடித் திருடர்களைப் பிளாஸ்டிக் நாற்காலியாலும் செருப்பாலும் அடித்து விரட்டினார்களே, நினைவிருக்கிறதா? நாடே பார்த்தது. சில நாளில் சுதந்திர தின விழாவில் அரசு விருதும் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் கேமரா இல்லாமல் இருந்திருந்தால் அங்குள்ள என்னைப் போன்ற நிருபர் என்ன எழுதியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். ‘சத்தம் போடவே கொள்ளையர்கள் தப்பி ஓடினர்.’ மூன்று வரி.

போன தை மாதம் வண்டி டயரில் ஆணி ஏறியது. அதே கடை, இப்போது கொஞ்சம் தள்ளி. அவருக்கு எழுபது இருக்கும். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்த ஆறு வரியைப் பற்றி நானே பேச்செடுத்தேன். முப்பது வருஷக் குற்ற உணர்ச்சி.

“நல்லதாப் போச்சு சார். பேரு வந்திருந்தா அவன் ஆளுங்க கடைக்கே வந்திருப்பானுங்க. கோர்ட்டுக்கு நாலு வருஷம் அலைஞ்சதே போதும்.”

இதை நான் யோசித்ததே இல்லை. கல் நட்டதெல்லாம் செத்தவனுக்கு. அவனை யாரும் மிரட்ட முடியாது, சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. இவர் உயிரோடு, அதே பஸ் ஸ்டாண்டில், தினமும் கடை திறக்க வேண்டியவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், செய்தியை வெட்டிய டெஸ்க் மீது மட்டும் இத்தனை காலம் கோபமாக இருந்திருக்கிறேன்.

பேச்சை மாற்ற எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“நாய்க்கு பேரு போட்டுகிறாங்களா?”

“ஆமா. கோவிவன்.”

“கோவிவன்,” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு விரலால் ட்யூபை அழுத்திப் பிடித்தபடி, ஓட்டை இருந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.