முகத்துக்குள்ள போற நூல் எத்தனை மாசம் தாங்கும்? த்ரெட் லிஃப்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

நூலைப் பற்றி ராஜபாளையத்துக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா 'ராஜபாளையம் மில்ஸ்' தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர்ப் பிழைப்பு நூலோடு பின்னிக்கிடக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டிக்குப் போனால், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி தறியில் ஓடிக்கொண்டிருக்கும். நூல் என்றதும் 'எவ்வளவு தாங்கும்?' என்று கேட்கத் தெரிந்த ஊர். அதே கேள்வியை இப்போது வேறொரு நூலைப் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. முகத்தைத் தூக்கி நிறுத்துவதாக ரீல்ஸில் வருகிற த்ரெட் லிஃப்ட் நூல்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். பார்லரில் புருவத்துக்குச் செய்கிற த்ரெட்டிங் வேறு, இது வேறு. அதில் நூல் தோலைத் தொட்டுவிட்டுப் போகும். இதில் நூல் தோலுக்கு அடியிலேயே தங்கும். மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய ஊசி வழியாக முள் முள்ளாக இருக்கும் நூலைக் கன்னத்துக்குள் நுழைத்து, தொங்குகிற சதையைக் கோத்து மேலே இழுத்து விடுவார்கள். தையல் தழும்பு இல்லை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இதெல்லாம் உண்மைதான். 'அப்புறம் எத்தனை நாள் நிற்கும்?' என்று கேட்டால்தான் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

நூல் கரைவது வேறு, பலன் குறைவது வேறு

இப்போது அதிகம் பயன்படுவது பி.டி.ஓ. எனப்படும் பாலிடையாக்ஸனோன் நூல். 1980-களின் தொடக்கத்திலிருந்து அறுவை சிகிச்சைத் தையலுக்குப் பயன்படுகிற, தானாகக் கரையும் நூல். உடம்பில் முழுசாகக் கரைய ஏறக்குறைய ஆறேழு மாதம் ஆகும். பாலி லாக்டிக் ஆசிட் நூல் ஒன்றரை, இரண்டு வருஷம் வரை இருக்கும். பாலிகேப்ரோலாக்டோன் நூல் இரண்டு வருஷத்தைத் தாண்டியும் இருக்கலாம்.

விளம்பரத்தில் வருகிற 'ரெண்டு வருஷ கேரன்ட்டி' பல நேரம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால், நூல் உள்ளே இருக்கிறது என்பதற்காக அது இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மில்லில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்க, நூல் அறுவதற்கு ரொம்ப முன்னாடியே அதன் பலம் போய்விடும் என்பார்கள். பி.டி.ஓ. நூலும் அப்படித்தான். முழுசாகக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆனாலும், முதல் ஆறு வாரத்திலேயே பலத்தில் நல்ல பகுதியை இழந்துவிடும். அதுபோக, நாம் பேசுகிறோம், சிரிக்கிறோம், பரோட்டாவை மென்று தள்ளுகிறோம். ஒவ்வொரு அசைவிலும் நூலின் முட்கள் சதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடும்.

'நூல் போனாலும் கொலாஜன் பிடிச்சுக்கும்' என்பது அடுத்த வாதம். நூலைச் சுற்றி உடம்பு புதுசாகக் கொலாஜன் உண்டாக்குவது உண்மை. தோல் கொஞ்சம் இறுக்கமாக, பளிச்சென்று தெரிய அது உதவலாம். ஆனால், தொங்குகிற கன்னத்தை மேலே நிறுத்திவைக்கிற அளவுக்கு அதற்குத் தெம்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

முகத்தைத் தூக்கும் முள் நூல் 1990-களின் கடைசியில் ரஷ்யாவில், மார்லன் சுலாமனிட்ஸே என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் கையில் பிரபலமானது. 2004-ல் அமெரிக்காவில் கரையாத முள் நூல் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. டி.வி. ஷோக்களில் கொண்டாடினார்கள். சில வருஷத்திலேயே அது சந்தையை விட்டுப் போய்விட்டது. 2009-ல் அங்கே வெளியான ஓர் ஆய்வு சொன்ன முடிவு கொஞ்சம் கசப்பானது: பலன் குறுகிய காலத்துக்குத்தான், அதிலும் பெரும்பகுதி சிகிச்சைக்குப் பிறகு வருகிற வீக்கத்தால் தெரிகிற மாற்றமாக இருக்கலாம் என்றார்கள்.

2019-ல் வெளியான இத்தாலிய ஆய்வு 160 பேரைப் பார்த்தது. செய்த உடனே நல்ல மாற்றம். மாதங்கள் போகப் போகக் குறைவு. ஒரு வருஷத்தில் முகம் ஏறக்குறைய பழைய நிலை. மூன்றில் ஒருவருக்குச் சின்னதோ பெரிதோ ஏதாவது ஒரு பக்கவிளைவும் இருந்தது.

இதைவிட நல்ல முடிவு சொல்கிற ஆய்வுகளும் உண்டு. ஆனால், அவற்றில் பல சிலரை மட்டும் வைத்து, சில மாதங்கள் மட்டும் பார்த்தவை. எனவே 'ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம், அதற்கு மேல் கிடைத்தால் போனஸ்' என்று மனதில் வைத்துக்கொள்வதுதான் நியாயம். ஆபரேஷன் மூலம் செய்கிற ஃபேஸ் லிஃப்ட் பொதுவாக ஏழு, பத்து வருஷம் தாக்குப்பிடிக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'அதே ரிசல்ட், ஆபரேஷன் இல்லாமல்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராகிடுங்க.

ஒருத்தருக்கு நிக்குது, இன்னொருத்தருக்கு ஏன் நிக்கலை?

லேசாகத் தளர ஆரம்பித்த முகத்தில், ரொம்ப மெலிவாகவோ ரொம்பக் கனமாகவோ இல்லாத தோலில் பலன் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கனமான கன்னம், நிறையத் தொங்குகிற தாடை என்றால் நூல் பாரம் தாங்காது. புகைபிடித்தல், வெயில், சட்டென்று எடை ஏறி இறங்குவது எல்லாமே ஆயுளைக் குறைக்கும். எடை குறைக்கும் திட்டம் இருந்தால் முதலில் அதை முடியுங்க. கன்னம் வற்றிய பிறகு முகமே வேறு மாதிரி இருக்கும். இருபதுகளில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொங்காத கன்னத்தைத் தூக்க எதுவும் இல்லை. ஃபில்டர் போட்ட செல்ஃபி மாதிரி முகம் வேண்டும் என்பதற்காக நூல் போடுவது, ஆரம்பத்திலேயே தோற்கிற பந்தயம்.

கர்ப்பிணிகள், முகத்தில் கிருமித்தொற்று உள்ளவர்கள், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள், ரத்தம் உறைவதில் பிரச்னை உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

கல்யாணத்துக்கு எப்போ பண்ணலாம்?

வீக்கம், கன்றிப்போதல், வாயைத் திறந்தால் வலி... இதெல்லாம் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். தைமாச முகூர்த்தம் என்றால் கார்த்திகையிலேயே முடித்துவிட வேண்டும். 'வர்ற சனிக்கிழமை ரிசப்ஷன், இந்த புதன்கிழமை லிஃப்ட்' என்று போனால், ஆல்பம் முழுக்க வீங்கின கன்னம்தான் இருக்கும். முதல் சில வாரம் மல்லாந்து படுக்கணும், ஃபேஷியல் மசாஜ் கூடாது, பல் டாக்டரிடம் வாயை அகலமாகத் திறக்கிற வேலையைத் தள்ளிப்போடணும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குத் தடை இல்லை, மெல்லவே தேவையில்லையே!

செலவு, நூலின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். மொத்தத் தொகையைப் பார்க்காதீங்க, மாதத்துக்குப் பிரித்துப் பாருங்க. உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் கொடுத்து 10 மாதம் நின்றால் மாதம் 6,000. அடுத்த வருஷமும் வேண்டும் என்றால் அதே செலவு மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகும் சரி என்று தோன்றினால், தாராளமாகச் செய்யுங்க. அது உங்க முகம், உங்க காசு.

வெளியூர் போய்ச் செய்கிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கணும். ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். கன்னத்தில் குழி விழுந்தால், ஒரு பக்கம் மட்டும் மேலே இழுத்தால், நூல் நுனி தோலைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப்பார்த்தால், சீழ் பிடித்தால், அத்தனை தடவையும் அவ்வளவு தூரம் போய் வரணும். சென்னையில் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால், 'பிரச்னை வந்தா யாரைப் பார்க்கணும், அதுக்குத் தனிக் காசா?' என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்க.

யார் செய்கிறார் என்பது ரொம்ப முக்கியம். கன்னத்துக்குள் முக நரம்பும் எச்சில் சுரப்பியும் இருக்கின்றன. வொர்க்‌ஷாப்பிலோ யூடியூபிலோ பார்த்தது அழகு சிகிச்சைக்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது எம்.டி. முடித்த தோல் மருத்துவரிடம் போங்க. பதிவு எண்ணைக் கேட்டு, மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்க மொபைலில் ரெண்டு நிமிஷம் போதும். அவர் காட்டுகிற 'முன்', 'பின்' படங்களில், 'பின்' எப்போது எடுத்தது என்று கேளுங்க. சிகிச்சை முடிந்த அன்றைக்கே எடுத்தது என்றால், ஒரு வருஷம் கழித்து எடுத்த படம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்க.

நூல் பாக்கெட்டை உங்க கண் முன்னாடியே பிரிக்கச் சொல்லுங்க. அதில் நூலின் பெயர், பேட்ச் எண், காலாவதி தேதி அச்சாகியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்க. பின்னாடி வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால், உள்ளே இருப்பது என்ன நூல் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.