செம்மை என்னுஞ் சொல்

செம்மை என்னுஞ் சொல் நிறத்தையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். வளையாத கோல் செங்கோலாதல் போல, வளையாத நெஞ்சு செம்மையுடையதாம். இதன் மறுதலை கோட்டம். திருவள்ளுவனார் நடுவு நிலைமை கூறுமிடத்து, உட்கோட்டம் ஒருதலையாக நீங்கியவழியே சொற்கோட்டம் இல்லையாதலை உணர்த்தினார். ஆகவே, சொல் பழுதின்றி அமைதல் மாத்திரமே செம்மையன்று. உள்ளமுஞ் சொல்லும் ஒன்றாய் நிற்றலே செம்மையென்க.

இவ்வுண்மையைச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு இனிது விளக்கும். திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேனென்று சூளுற நேர்ந்தபோது, தாம் சந்நிதியிற் சூளுறுங்கால் மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு நம்பிகள் இறைவரை வேண்டினார். சூள் நாவளவில் நின்று நெஞ்சைப் பிணியாதிருத்தற்கு நாடிய வழி அஃது. இறைவரோ, அம்மகிழின்கீழேயே சூளுறவு கொள்ளும்படி சங்கிலியார்க்கு உணர்த்தியருளினார். பின்னர்ச் சூள் கடந்து ஒற்றியூரெல்லையை நீங்கியவுடன் நம்பிகள் கண்ணொளி இழந்தார். தம்பிரான் தோழரென்னும் பேறு பெற்றவரிடத்தும் இறைவர் கோட்டத்தைப் பொறுத்திலர். ஆயினும், அப்பொழுது பாடிய ஏழாந் திருமுறை 54-ஆம் பதிகத்தில் நம்பிகள் தம் பிழையை மறைத்திலர். அதனை ஒப்பி இரந்தார். பின் கச்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

அதன்பின், சேரமான் பெருமாளிடம் விடைகொண்டு பெருநிதியுடன் கொங்குநாட்டின் வழியே மீண்டார். பல்லடத்துக்கு வடக்கே, அவினாசியை அடுத்துள்ள திருமுருகன்பூண்டியில், இறைவர் ஏவலாற் சிவபூதங்கள் வேடுவராய் வந்து அந்நிதியைக் கவர்ந்தன. ஆண்டுப் பாடிய 49-ஆம் பதிகத்தில், வழிப்பறி செய்வார் வாழும் இவ்வூரில் நீர் எதன்பொருட்டு இருக்கின்றீரென்று நம்பிகள் இறைவரையே வினவினார். நெஞ்சிலெழுந்த முறையீட்டைப் புகழுரையால் மூடிற்றிலர். பறித்த நிதியனைத்தும் மீண்டது.

ஒற்றியூரிற் பணிந்து வேண்டியவரும், பூண்டியிற் கடிந்து வினவியவரும் ஒருவரே. பணிவில் உட்கோட்டம் இருந்தது. கடுஞ்சொல்லில் அஃது இல்லை. இறைவர் நோக்கியது சொல்லின் மென்மையையன்று, நெஞ்சின் நேர்மையையே என்பது இதனாற் பெறப்படும்.

திருமுறை ஓதுவார்க்கு இஃது இன்றியமையாத படிப்பினையாம். நாவிற் பதிகமும் நெஞ்சிற் பிறிதுமாயின், ஓதுதலும் மகிழின்கீழ் வேண்டிய சூழ்ச்சியையே ஒக்கும். பிழைத்தவழி மறையாது முறையிடுதல் அடியார்க்கு இழுக்கன்று. மனமும் வாக்கும் காயமும் ஒருவழி நிற்பின், அவ்வழிபாடே செம்மையாம்.

திருச்சிற்றம்பலம்.