சிறுத்தையை வெட்டினார்கள், வீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்: ஒரு திரைப்படமும் அதன் இரசிகர்களும்

2005 ஏப்ரல் 28 ஆம் திகதி பிரித்தானியத் திரையரங்குகளுக்கு ஒரு படம் வந்தது. அது வருவதற்கு முன்பே அதன் இரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை வெறுக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு பகுதியினர் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு படம் பார்க்கப் போனார்கள். துவாய் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

படத்தின் பெயர் 'த ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்ஸி'. வீதியோரம் நின்று கைகாட்டி, வருகிற வாகனத்தில் ஏறிப் பயணம் செய்பவருக்கான அண்டவெளிக் கையேடு என்று பொருள் கொள்ளலாம். டக்ளஸ் அடம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் இதை முதலில் வானொலி நாடகமாகத்தான் எழுதினார். 1978 மார்ச் 8 ஆம் திகதி இரவு பத்தரை மணிக்கு பி.பி.சி. றேடியோ 4 இல் முதல் பகுதி போனது. அந்த நேரத்தில் யார் வானொலி கேட்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அடுத்த வருடம் அது நாவலானது. பின்னர் இசைத்தட்டு, மேடை நாடகம், 1981 இல் தொலைக்காட்சித் தொடர், 1984 இல் கணினி விளையாட்டு என்று வரிசையாக வந்தன.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதர் டென்ற் ஒரு சாதாரண இங்கிலாந்துக்காரர். ஒரு வியாழக்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தால் வீட்டு வாசலில் புல்டோசர் நிற்கிறது. புறவழிச்சாலை ஒன்று போடுவதற்காக அவருடைய வீட்டை இடிக்க வந்திருக்கிறார்கள். மனுசன் போட்டிருந்த உடுப்போடு போய்ச் சேற்றில் படுத்து மறிக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய நண்பர் ஃபோர்ட் வந்து, தான் உண்மையில் வேறு கிரகத்தவன் என்றும், இன்னும் சில நிமிடங்களில் பூமியே இல்லாமல் போகப்போகிறது என்றும் சொல்கிறார். வோகன்கள் என்ற வேற்றுக்கிரக அதிகாரிகள் விண்வெளிப் புறவழிச்சாலை ஒன்றுக்காகப் பூமியை இடிக்க வருகிறார்கள். இடிக்கும் திட்டம் நான்கு ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள அல்ஃபா சென்டோரியில் ஐம்பது வருடங்களாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததாம். போய்ப் பார்த்து ஆட்சேபனை தெரிவிக்காதது பூமிக்காரரின் பிழை என்கிறார்கள். பூமி அழிகிறது. ஆதர் நண்பரோடு வோகன்களின் கப்பலிலேயே ஒளிந்து ஏறித் தப்புகிறார். மிச்சக் கதை அந்த வீட்டு அங்கியோடு அவர் அண்டவெளியில் அலைவது, நல்ல தேத்தண்ணி ஒன்று கிடைக்காமல் தவிப்பது.

இரசிகர்களின் கோபத்தை விளங்கிக்கொள்ள, படத்தில் வெட்டப்பட்ட ஒரு பகிடியை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டை இடிக்கும் திட்டம் அலுவலகத்தில் பார்வைக்கு இருந்ததே என்று அதிகாரி ஆதரிடம் சொல்கிறார். அதைக் கண்டுபிடிக்கத் தான் பட்ட பாட்டை ஆதர் சொல்லத் தொடங்குகிறார். நிலவறைக்குள் இறங்க வேண்டியிருந்தது. அங்கே விளக்கு இல்லை, படிக்கட்டும் இல்லை. பாவனையில் இல்லாத கழிப்பறை ஒன்றுக்குள், பூட்டிய அலுமாரியின் அடியில் அந்த அறிவித்தல் கிடந்தது. கழிப்பறைக் கதவிலோ, உள்ளே சிறுத்தை இருக்கிறது, கவனம் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அதிகாரி சற்றும் முகம் மாறாமல் அடுத்த கேள்வியைக் கேட்கிறார். பகிடி படிப்படியாக ஏறிப்போய்ச் சிறுத்தையில் முடிகிறது.

படத்தில் இந்த உரையாடல் நிலவறையோடு நின்றுவிடுகிறது. சிறுத்தை இல்லை.

அடம்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எம்.ஜே. சிம்ப்சன், படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மிக நீண்ட, கடுமையான விமர்சனம் ஒன்றை வெளியிட்டார். அடம்ஸைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களில் ஒருவரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவருடைய முறைப்பாட்டின் சாரம் இதுதான். பகிடியின் தொடக்கத்தை வைத்துக்கொண்டு முடிவை வெட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் முடிவை வைத்துக்கொண்டு தொடக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். ஒரு சில விநாடிகளை மிச்சப்படுத்த, சிரிப்பையே எடுத்துவிட்டார்கள்.

அவர் அளவுக்கு அதிகமாகக் கோபப்பட்டார் என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் சிறுத்தை விடயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அடம்ஸின் நகைச்சுவை சம்பவங்களில் இல்லை, வசனத்தின் நீளத்தில் இருக்கிறது. ஒரு அலுவலகம் எப்படிப் பேசும், எத்தனை கதவுக்குப் பின்னால் ஒரு கடதாசியை ஒளிக்கும், பிறகு 'நாங்கள்தான் அறிவித்தோமே' என்று எப்படிச் சொல்லும் என்பதை அவர் கடைசிப் படி வரை கொண்டுபோவார். பாதியில் நிறுத்தினால் அது வெறும் அலைச்சல் கதை.

இதை எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த உரிமையாளர்களில் பலர் 1990 இல் இடம்பெயர்ந்து, அங்கிருந்து சில மைல் தூரத்தில் முகாம்களில் இருந்தவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனபோது, கண்டறிய முடியாதவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அடம்ஸ் எழுதும்போது அவர் மனதில் இருந்தது இங்கிலாந்தின் உள்ளூராட்சி அலுவலகம்தான். எங்கள் காணிகளை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். எங்கள் கதையை அவருடைய பகிடியோடு நான் சமப்படுத்தவில்லை. சிறுத்தை ஏன் முக்கியம் என்பதற்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன்.

மற்ற முறைப்பாடுகள் பல வகை. அண்டவெளியின் ஜனாதிபதியான சஃபொட்டுக்கு இரண்டு தலை. வானொலியில் அது ஒரு வரிப் பகிடி, யாருக்கும் செலவில்லை. தொலைக்காட்சியில் இயந்திரத் தலை ஒன்றைத் தோளில் பொருத்தினார்கள், அது பெரும்பாலும் தூங்கி வழிந்தது. படத்தில் இரண்டாவது தலை கழுத்துக்குக் கீழே ஒளிந்திருந்து திடீரென்று எழும்புகிறது. எனக்கு மூன்றுமே பிடிக்கவில்லை, வானொலியில் நானே கற்பனை செய்த தலையைத் தவிர. ஃபோர்ட்டாக அமெரிக்கப் பாடகர் மொஸ் டெஃப் நடித்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் ஃபோர்ட் வேற்றுக்கிரகத்தவர். அவருக்கு எந்த நாட்டு உச்சரிப்பு இருந்தால் என்ன? ஆதராக மார்ட்டின் ஃபிரீமனையும், கையேட்டின் குரலாக ஸ்டீபன் ஃப்ரையையும், எப்போதும் மனம் நொந்துகொண்டிருக்கும் ரோபோ மார்வினின் குரலாக அலன் றிக்மனையும் கோபக்காரர்களிலேயே பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

உண்மையில் சிக்கலான பிரச்சினை வேறு. அடம்ஸ் படம் வெளியாவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து இந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவர முயன்று, அதற்காகவே 1999 இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர், 2001 மே 11 ஆம் திகதி அங்கேயே மாரடைப்பால் இறந்தார். வயது 49. அவர் விட்டுப்போன திரைக்கதையைக் கேரி கேர்க்பாற்றிக் முடித்தார். கார்த் ஜெனிங்ஸ் இயக்கினார். ஜோன் மல்கோவிச் நடித்த ஹம்மா கவுலா என்ற பாத்திரம், சுட்டால் சுடப்பட்டவருக்குச் சுட்டவரின் மனநிலை விளங்கிவிடுகிற துப்பாக்கி இரண்டும் நாவலில் இல்லாதவை. ஹொலிவூட் செய்த வேலை என்று இரசிகர்கள் திட்டினார்கள். அவை அடம்ஸ் தானே படத்துக்காக உருவாக்கியவை என்று, அவருடைய நண்பரும் நிறைவேற்றுத் தயாரிப்பாளருமான றொபி ஸ்டாம்ப் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

எழுத்தாளர் உயிரோடு இருந்திருந்தால் இந்தச் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வானொலி, நாவல், தொலைக்காட்சி என்று ஒவ்வொரு முறையும் கதையை மாற்றியவர் அவர்தான். ஒன்றோடொன்று முரண்படுகிற அந்த வடிவங்களைப் பற்றி அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அவர் மாற்றினால் அது அவருடைய கதை. அவர் போனபிறகு மற்றவர்கள் மாற்றினால், இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றம் வருகிறது. அவர் இறந்து இரண்டு வாரத்தில், 2001 மே 25 அன்று, இரசிகர்கள் ஆளுக்கொரு துவாயோடு வெளியே போய் அவரை நினைவுகூர்ந்தார்கள். விண்வெளிப் பயணிக்குத் துவாயைவிடப் பயனுள்ள பொருள் இல்லை என்று கதையில் வரும் கையேடு சொல்வதுதான் காரணம். அது இன்றும் துவாய் தினமாகத் தொடர்கிறது. அப்படி ஒரு கூட்டத்தின் முன்னால்தான் இந்தப் படம் வந்து நின்றது.

போதாததற்கு, அதே 2005 மே மாதத்தில் பி.பி.சி. வானொலி பழைய நடிகர்களையே கூட்டிவந்து தொடரின் அடுத்த பகுதிகளை ஒலிபரப்பத் தொடங்கியது. திரையரங்கில் புதுக் குரல், வீட்டு வானொலியில் 1978 இன் குரல். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டவர்கள் ஒப்பிடாமல் இருப்பார்களா?

நான் நாவலைப் படித்தது யாழ்ப்பாணத்தில் வாங்கிய பழைய பிரதி ஒன்றில். படத்தைப் பல வருடம் கழித்து டிவிடியில் பார்த்தேன். சிறுத்தைக் கதையை ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பிறகு அந்த ஆளுக்கு வீடு திரும்பக் கிடைச்சுதோ?" என்று கேட்டார்.

நாவலில் கிடைப்பதில்லை. பூமி போனது போனதுதான். அதில் எனக்கு மறக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. பூமி அழிந்ததை ஆதர் மனதுக்குள் நம்பப் பார்க்கிறார், முடியவில்லை. இங்கிலாந்து இல்லை என்று நினைக்கிறார், ஒன்றும் உறைக்கவில்லை. நியூயோர்க் இல்லை, அதுவும் உறைக்கவில்லை. கடைசியில் இனி மக்டொனால்ட்ஸ் ஹம்பேர்கர் என்று ஒரு பொருளே கிடையாது என்று நினைத்தபோதுதான் மயங்கி விழுகிறார், எழும்பும்போது தாயை நினைத்து அழுகிறார். பெரிய இழப்பு ஒரு சின்னச் சாமான் வழியாகத்தான் உள்ளே வரும். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அது கிணற்றடி வாளியாகவோ அம்மியாகவோ இருக்கும். இந்தப் பகுதி படத்தில் இல்லை. சிறுத்தையைவிட இதை இழந்ததுதான் எனக்குக் கவலை.

படமோ வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. கோள்களைக் கட்டிக் கொடுக்கும் மக்ரதியா நிறுவனம் இரண்டாவது பூமி ஒன்றைச் செய்கிறது. பில் நைய் நடித்த வயதான பொறியியலாளர் ஆதரை அழைத்துப்போய்க் காட்டுகிறார். அதே வீடு, அதே இடம். இது மலிவான இன்ப முடிவு என்று பழைய இரசிகர்கள் பலர் சொன்னார்கள். கதையின் வலு, இழந்தது திரும்பாது என்பதில் இருக்கிறது என்றார்கள். சரியான வாதம். ஆனால் மலைகளும் கடல்களும் கட்டப்படும் அந்தக் காட்சியை நான் இருமுறை பார்த்தேன், இரண்டு முறையும் வாதம் நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் வீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். வீடு கிடைத்த பிறகும் ஆதர் அங்கே இருக்காமல், தான் விரும்பும் ட்ரிலியனோடு கப்பலேறிப் போவதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. காணி துப்புரவாக்கி, கிணறு இறைத்து, பிறகு போகலாமே என்றார்.

வோகன்களின் கிரகத்தில் வரும் காட்சியும் படத்துக்கென்றே எழுதப்பட்டது. பிடித்துவைத்த ட்ரிலியனை விடுவிக்கப் படிவம் நிரப்ப வேண்டும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். நான் பிரித்தானியன், வரிசையில் நிற்பதை என்னிடம் விடுங்கள் என்ற தோரணையில் ஆதர் முன்னே போகிறார். ஜிம் ஹென்சன் நிறுவனம் செய்த அந்தப் பருத்த வோகன் உருவங்களைப் படத்தை வெறுத்தவர்களும் குறை சொல்லவில்லை. அந்த வரிசையில் 1981 தொலைக்காட்சித் தொடரின் பழைய மார்வினும் நிற்கிறது. தெரிந்தவர்கள் மட்டும் கண்டுகொள்ள வைத்தது அது. படத்தின் கடைசியில் விண்கப்பல் ஒரு கணம் அடம்ஸின் முகமாக மாறி மறைகிறது.

அமெரிக்காவில் முதல் வார இறுதியில் படம் வசூலில் முதலிடம் பிடித்தது. உலகெங்கும் சுமார் 10 கோடி டொலர் வந்தது. ஆனாலும் அடுத்த பாகம் வரவில்லை. படம் வழியாக நாவலுக்கு வந்த இளம் இரசிகர்கள் இப்போது நடுவயதை நெருங்குகிறார்கள். அவர்களுக்கு மார்வின் என்றால் றிக்மனின் குரல்தான்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் ஆலோசனை, முதலில் 1978 வானொலித் தொடரின் ஆறு பகுதிகளையும் கேளுங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணித்தியாலம்தான். ஆங்கிலம் கொஞ்சம் வேகமாகப் போகும், நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிடிபடும். படத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.